இரவு விமானமும் இஸ்தான்புல்லின் முதல் நாளும்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல். இஸ்தான்புல் போய் வந்ததைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய். கூடவே, இந்த வயதில் பிசினஸ் வகுப்புக்கு அவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். நீங்கள் இருவரும் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் யோசனையில் இருப்பதால், பின்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போகும்போது கொடு, திரும்பும்போது கொடுக்காதே.

காரணம் இதுதான். சிங்கப்பூரிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ஏறக்குறைய 11 மணி நேரப் பயணம். உங்கள் ஊரிலிருந்தும் அதே அளவுதான். நாங்கள் ஏறிய துருக்கி ஏர்லைன்ஸ் விமானம் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, நம்மைவிட 5 மணி நேரம் பிந்திய அந்த ஊரில் விடியற்காலையில் இறங்கியது. ஆகவே, தூங்க வேண்டிய தூக்கத்தை விமானத்திலேயே தூங்கி முடித்தாக வேண்டும். உட்கார்ந்தபடியே இரவைக் கழித்து, வீங்கிய கால்களோடு அதிகாலையில் விடுதிக்குப் போய் நின்றால், மதியம் வரை அறை தர மாட்டார்கள். முதல் நாள் வரவேற்பறை நாற்காலியிலேயே போய்விடும். பிசினஸ் வகுப்பில் இருக்கை முழுவதும் படுக்கையாக விரிகிறது. மேலே மெத்தை விரிப்பு, தலையணை, போர்வை எல்லாம் தருகிறார்கள். முன் வரிசையில் இருப்பவருக்கும் பின் வரிசையில் இருப்பவருக்கும் காற்றின் வறட்சியும் அழுத்தமும் ஒன்றுதான் என்றாலும், காலை நீட்டி இதயத்தின் மட்டத்துக்கு வைத்துப் படுக்க முடிகிறது என்பது, நீரிழிவும் மூட்டு வலியும் சேர்ந்துகொண்ட நம்மைப் போன்றவர்களுக்குச் சிறிய விஷயமில்லை.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. வெள்ளைத் தொப்பி அணிந்த சமையற்காரர் வந்து விசாரிக்கிறார். மேசை விரிப்பின் மேல் மின்சார மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைக்கிறார்கள். ஆனால், நான் சொல்வதைக் கேட்பதானால், இரவு உணவை வீட்டிலேயே முடித்துக்கொண்டு ஏறு. காலை உணவை மட்டும் அட்டையில் குறித்துக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டால், ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். நீ கொடுக்கும் பணம் உண்மையில் அந்தத் தூக்கத்துக்குத்தான்.

அந்தத் தூக்கம் எங்களுக்கு என்ன வாங்கித் தந்தது என்பதைச் சொல்கிறேன். புதிய விமான நிலையம் கருங்கடல் ஓரமாக, பழைய நகரத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. டாக்சியில் சுல்தானகமத் பகுதிக்கு வந்து, பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு, கூட்டம் சேர்வதற்கு முன்பே ஹேகியா சோபியாவின் வாசலில் நின்றோம். அருங்காட்சியகமாக இருந்த அது 2020இல் மீண்டும் பள்ளிவாசலாகிவிட்டதால், வெளிநாட்டுப் பயணிகளை 25 யூரோ கட்டணத்தில் மேல்மாடத்துக்கு மட்டுமே அனுமதிக்கிறார்கள். அங்கே ஏறுவது பெரும்பாலும் படிக்கட்டில் அல்ல, கல் பாவிய சரிவுப் பாதையில். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் பலர் மிதித்துத் தேய்ந்த கற்கள். பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் 532இல் தொடங்கி 537இல் தேவாலயமாகக் கட்டி முடித்த கட்டடம் அது. சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தின் அடியில் 40 சாளரங்கள் வரிசையாக இருப்பதால், அவ்வளவு பெரிய பாரம் ஒளியின் மேலேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. தெற்கு மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில், பைசாந்தியப் பேரரசிடம் பணிக்கு வந்த வட ஐரோப்பிய வைக்கிங் வீரன் ஒருவன் தன் நாட்டுப் பழைய ரூனிக் எழுத்தில் கீறியது இன்னும் இருக்கிறது. பெரும்பகுதி அழிந்துபோக, 'ஹால்ஃப்டான்' என்ற பெயரை மட்டுமே படிக்க முடிகிறதாம். அந்தக் கீறலை, தலை சுற்றாமல், கண் எரியாமல், நிதானமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸின் கோட்டை மதிலுக்குப் போனோம். ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய அந்த மதில், மர்மரா கடலிலிருந்து தங்கக்கொம்பு என்னும் கடற்கழி வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீள்கிறது: அகழி, வெளிமதில், உள்மதில் என்று மூன்று காப்புகள். சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே சிவப்புச் செங்கல் வரிகள் ஓடுகின்றன. யெடிகுலே பக்கத்தில் பழைய அகழியிலேயே பாத்தி கட்டிக் கீரையும் லெட்டூஸும் பயிரிடுகிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். 1453 மே 29 அன்று, 21 வயதே ஆன ஒட்டோமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெதின் படை, அன்று கான்ஸ்டாண்டிநோபிள் எனப்பட்ட இந்த நகருக்குள் நுழைந்தது இந்த மதில் வரிசையின் நடுப்பகுதியை உடைத்துத்தான். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ஆண்டு அது. அதனால் வணிகப் பாதை அடைபட்டது, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்போமே! அது அவ்வளவு எளிதானதல்ல என்று இப்போது நினைக்கிறேன். நம் பக்கத்து மிளகில் பெரும்பகுதி செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அலெக்சாந்திரியாவிலிருந்து வெனிஸுக்குக் கப்பலேறியது. ஒட்டோமானியர்கள் எகிப்தைப் பிடித்ததோ 1517இல். போர்த்துக்கீசியர் 1498லேயே கோழிக்கோட்டில் இறங்கிவிட்டார்கள். நீ இத்தனை காலம் வரலாறு கற்பித்தவன். இதைப் பற்றி உன் கருத்தை அவசியம் எழுது.

காலையில் அங்கே, மாலையில் இங்கே என்று இறங்கிய நாளிலேயே நடக்க முடிந்ததற்கு இரவுத் தூக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. இஸ்தான்புல் மேடும் பள்ளமுமான ஊர். சுலைமானியே பள்ளிவாசலுக்குப் போகும் தெருவெல்லாம் கருங்கல் பாவிய ஏற்றம். பொஸ்போரஸ் நீரிணையில் படகில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நேரம் போக, மற்றதெல்லாம் நடைதான். களைத்துப் போய்ப் பார்க்கத்தக்க நகரம் அல்ல அது.

திரும்பும்போது அந்தக் கட்டாயம் இல்லை. இறங்கினால் சொந்த வீட்டுக் கட்டில் இருக்கிறது. மறுநாள் எழுந்து எங்கேயும் ஓட வேண்டியதில்லை. போக பிசினஸ், வர எகானமி என்று ஒரே பயணச்சீட்டாகவே பதிவு செய்யலாம். முழுவதும் பிசினஸ் வகுப்பில் போனால் எகானமியைப் போல மூன்று, நான்கு மடங்கு ஆகக்கூடும் என்பதால், இதில் மிச்சமாகும் தொகை பழைய நகரத்திலேயே நல்ல விடுதியில் தங்குவதற்கு உதவும். ஏப்ரலில் போக முயற்சி செய். பூங்காக்களில் டியூலிப் பூத்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தேதி முடிவானதும் எழுது. நாங்கள் தங்கிய விடுதியின் விவரத்தை அனுப்பி வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்