கே04 அப்புறம், மொதல்ல அந்த ரப்பர பாரு

டேய் செந்தில்,

உன் மெசேஜ் பாத்தேன், போன்ல பேசினா பாதி விட்டுப்போகும்னுதான் உக்காந்து எழுதறேன். கடைசில அந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார வாங்கிட்டியே! காலேஜ் வாசல்ல ஒரு மஞ்சள் ஆர்எஸ் நின்னப்போ பஸ்ஸ விட்டுட்டு ரெண்டு பேரும் பாத்துட்டே நின்னோமே, அதான் ஞாபகம் வந்துச்சு. அப்பாவுக்கு கால் வலி எப்படி இருக்கு? அல்சூர்ல நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், சின்னவ இந்த வருஷம் ஸ்கூல் போறா.

சரி விஷயத்துக்கு வர்றேன். கே04 டர்போ போட்டு 220 பிஹெச்பி தாண்டணும்னு எழுதியிருக்க (டர்போன்னா புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கற விசிறி, கே04 பெருசு, கே03 சிறுசு). முடியும்டா, ஆடி டிடில 225 வந்தது இதே 1.8 இன்ஜின் குடும்பத்துலதான், கே04 வெச்சுத்தான். நம்மூருக்கு வந்த ஆர்எஸ்ல கே03, 150 பிஹெச்பி. ஆனா டர்போவ மட்டும் மாத்தினா ஆகாது, இன்ஜெக்டர், இன்டர்கூலர், எக்சாஸ்ட், கிளட்ச், மேப்னு (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற செட்டிங்) எல்லாம் கூடவே மாறணும், அதுவும் கம்மி ஆர்பிஎம்லயே டார்க்க, அதாவது இழுவைய, அள்ளிக் குடுக்கற மாதிரி மேப் எழுதிட்டா கனெக்டிங் ராட் வளைஞ்சுடும், அப்புறம் இன்ஜினே போச்சு.

என் வண்டில நடந்தத சொல்றேன். வாங்கின மூணாவது மாசமே ரீமேப் பண்ணேன், எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர்ல அப்படி ஒரு இழுவை, ஒரே வாரம்தான், அப்புறம் 3000 ஆர்பிஎம்முக்கு மேல உஸ்ஸுன்னு ஒரு சத்தம், வண்டி ஏறவே மாட்டேங்குது. மேப் போட்டவர் டர்போ போச்சு, மாத்தணும்னுட்டார். மனசு கேக்கல, ஞாயித்துக்கெழம நானே டைவர்ட்டர் வால்வ (ஆக்ஸிலரேட்டர விட்டதும் மிச்ச காத்த திருப்பி விடற வால்வு) கழட்டினேன், எலுமிச்சம்பழ சைஸ்தான் இருக்கும். மேல இருக்கற சின்ன குழாய்ல வாய வெச்சு உறிஞ்சி நாக்கால அடைச்சா அப்படியே பிடிச்சு நிக்கணும், எனக்கு காத்து வந்துட்டே இருந்துச்சு. வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா உள்ள டயஃப்ரம்ல, அதான் அந்த ரப்பர் சவ்வுல, நகக்கண் அளவு கிழிசல். டர்போ அமுக்கின காத்து பூரா அது வழியா திரும்ப இன்டேக்குக்கே போயிட்டிருந்துருக்கு, டர்போ பாவம், கேட்ட பூஸ்ட்ட (காத்தோட அழுத்தம்) குடுக்க இன்னும் வேகமா சுத்தி சூடாகியிருக்கு. அந்த வால்வ மாத்தினதும் இழுவை திரும்பிடுச்சு. அதோட விடாம இன்டேக் வாய அடைச்சு கம்ப்ரஸர்ல லேசா காத்து ஏத்தி சோப்பு தண்ணி அடிச்சு பாத்தேன், மேனிஃபோல்டுக்கு அடில ப்ரீதர் ஹோஸ்ல (இன்ஜின் உள்ள சேர்ற ஆவி வெளிய போற ரப்பர் குழாய்) நுரை நுரையா வருது, தொட்டா ஊறின அப்பளம் மாதிரி இருக்கு.

உன் வண்டிக்கும் வயசு இருபது ஆகப்போகுது, ரப்பர் எல்லாம் அதே நெலமைலதான் இருக்கும். அதனால மொதல்ல ஹோஸ் எல்லாம் மாத்து, டைமிங் பெல்ட்டோட வாட்டர் பம்பையும் சேத்து மாத்து (பழைய பம்ப்ல சக்கரம் பிளாஸ்டிக்கா இருந்தா உடையும், மெட்டல் வாங்கு), சம்ப்ப கழட்டி ஆயில் வலைய சுத்தம் பண்ணு. டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தறது, ஆயில் ஒழுங்கா வரலைன்னா பேரிங் தாங்காது.

அப்புறம் இன்டர்கூலர், டர்போ அமுக்கி சூடான காத்த ஆத்தறது. இங்க பெங்களூரு 900 மீட்டர் உயரம், காத்து பத்து சதவீதம் கிட்ட லேசு, அதே பூஸ்ட்டுக்கு டர்போ கூடுதலா உழைக்கணும். உனக்கு சென்னைல காத்து கனம், ஆனா வெயில் இருக்கே, கத்திப்பாரா ட்ராஃபிக்ல நின்னா பம்பர் ஓரத்துல இருக்கற அந்த குட்டி இன்டர்கூலர் சூட்ட இழுத்து வெச்சுக்கும், நாக்கிங் (பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிக்கறது) வந்ததும் ஈசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்பார்க் டைமிங்க தள்ளிப்போட்டுடும், நீ காசு குடுத்து வாங்கின பவர் அங்கயே போயிடும். முன்னாடி வைக்கற பெரிய இன்டர்கூலர் போட்டு, கே03லயே நல்ல மேப் ஏத்தி ஒரு வருஷம் ஓட்டு, கே04 எங்கயும் ஓடிப்போகாது. இன்சூரன்ஸ் விஷயமும் விசாரிச்சுக்க, மாத்தினத சொல்லாம விட்டா க்ளெய்ம்ல இடிக்கும்.

பொங்கலுக்கு சென்னை வர்றேன். பெல்ட் கிட் ஜேசி ரோட்ல பாத்து எடுத்துட்டு வரவா, சொல்லு. அந்த கிழிஞ்ச வால்வ இன்னும் டப்பால போட்டு வெச்சிருக்கேன், அதையும் கொண்டு வர்றேன், கைல வெச்சு பாரு.

உன்,
குமார்