வயல் மனைகளில் தரை ஓதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையைச் சுற்றி நெல் விளைந்த வயல்களெல்லாம் மனைகளாகி வீடுகள் எழுந்துகொண்டிருக்கின்றன. அந்த வீடுகளின் தரை ஓதத்தை, அதாவது மண்ணிலிருந்து தரைக்கு ஏறும் ஈரத்தைப் பற்றி, கட்டட மேஸ்திரியாகக் காலம் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் மகள் விலைக்கு வாங்கிய வீடு, பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருந்த வயல். பிசான நெல் பருவத்துக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டால், மழையில்லாத நாளிலும் டைல்ஸ் இடுக்குகளில் உப்புப் பூக்கிறது. பேத்திக்கு வாங்கிப் போட்ட பத்தமடைப் பாயைத் தூக்கினால் அடியெல்லாம் கறுப்பாகப் பூசணம். பிள்ளைக்கு அடிக்கடி மூச்சு இளைப்பு வேறு. வீட்டைக் கட்டி விற்றவரோ, "ஈரக்காற்றுதான், ஃபேனைப் போடுங்க" என்கிறார்.

காற்றா மண்ணா என்று பார்த்துவிடலாமே. ஒரு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, அந்தக் காங்கிரீட்டின் மேல் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலிதீன் ஷீட்டை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். ஷீட்டுக்கு மேலே நீர் கோத்தால் காற்றின் ஈரம். அடியில் கோத்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. அங்கே அடியில்தான் முத்து முத்தாக நின்றது.

காங்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பயத்தில் பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டுகிறார்கள், நல்லதுதான். ஆனால் உள்ளே அதே வயல் களிமண்ணை நிரப்பினால் என்ன பயன்? களிமண்ணில் ஈரம் வெகு உயரம் ஏறும். சுவருக்கு அடியில் ஓதத் தடுப்பு வைக்கிறவர்கள்கூட, நடுவில் வெறும் மண்மேல் காங்கிரீட்டைக் கொட்டிவிடுகிறார்கள்.

பிறகு மேலே என்ன பெயிண்ட் அடித்தாலும், கீழிருந்து வரும் ஈரம் அதைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். பூசணத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

கட்டும்போதே செய்தால் செலவு டைல்ஸ் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மண்ணை இடித்துக் கெட்டித்து, ஒன்றரை அங்குல ஜல்லி பரப்பி, மேலே கொஞ்சம் மணல் தூவி, 250 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை ஓரடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, சுவரின் ஓதத் தடுப்போடு சேர்த்துவிட வேண்டும். அப்புறம்தான் காங்கிரீட். வயலாக இருந்த மனைகளுக்கு வரைபட அனுமதி தரும்போதே மாநகராட்சியும் ஊராட்சிகளும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வீடு கட்டுபவர்களுக்கு ஒன்று. காங்கிரீட் போடும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். ஜல்லி குத்தியோ கால் மிதிபட்டோ ஷீட் கிழிந்தால், அந்த இடத்தில் இன்னொரு துண்டு வைத்து டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி,
மேலப்பாளையம், திருநெல்வேலி.