எடையை நோட்டில் எழுதுகிறீர்கள், எங்களிடமும் சொல்லுங்கள்

நான் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் உங்களிடமே முடித்துவிட்டு இப்போது மாத்திரையில் இருப்பவள் நான். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். காப்பீட்டு அட்டையில் செலவு போனதால் வீட்டில் நகை அடகுக்குப் போகவில்லை. அந்த நன்றி என்றைக்கும் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போன ரெவ்யூவில், இடது கை கனமாக இருக்கிறது, ஜாக்கெட் கை ஏறவே மாட்டேன் என்கிறது என்று சொன்னேன். டாக்டர் என் நோட்டைப் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. "வெயிட் ஏறியிருக்கே, கை பெருக்காம என்ன செய்யும்? வாயைக் கட்டுங்கம்மா" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

நான் தையல்காரி. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஆள் பருத்தால் துணி எங்கெங்கே பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இடுப்பில் பிடிக்கும், மார்பில் பிடிக்கும், இரண்டு கையிலும் ஒன்றுபோலப் பிடிக்கும். கீமோ நடக்கும்போதே என் ஜாக்கெட்டுகளின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டேன். உள்ளே விட்டுவைத்திருந்த துணி மொத்தமும் வெளியே வந்தாயிற்று. அந்த இடம் மட்டும் சாயம் மங்காமல் பட்டையாகத் தெரியும். அதற்கு அப்புறம் வலது கைக்கு ஜாக்கெட் சரியாக இருக்கிறது. இடது கையில் முழங்கைக்கு மேலே வந்ததும் நின்றுவிடுகிறது.

வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு கையையும் ஒரே உயரத்தில் அளந்தேன். வலது 12 அங்குலம். இடது 13½. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, மெல்லத்தான் மேலே வருகிறது. நர்சிங் படிக்கும் என் மகள் பார்த்ததுமே, "அம்மா, இது சதை இல்ல, நிணநீர் வீக்கமா இருக்கும்" என்றாள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தது இடது பக்கம்தான். நீர் வடிய வழியில்லாமல் அந்தக் கையில் தேங்குகிறது. இரண்டு கைக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கிறதாம். என் கையில் வித்தியாசம் அதைவிட அதிகம். ஆரம்பத்திலேயே பிடித்தால் கையில் மாட்டும் இறுக்கமான உறை, நீவிவிடுதல், பயிற்சி என்று கட்டுக்குள் வைக்கலாம். விட்டுவிட்டால் இறுகிப்போய் ஆயுசுக்கும் கூடவே வரும். கத்தரிக்கோல் பிடித்துப் பிழைக்கிறவளுக்குக் கை போனால் என்ன மிச்சம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எடை ஏறியதும் உண்மைதான். 56 கிலோவில் வந்தவள் இப்போது 66. ஏன் ஏறியது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கேன்சர் வந்தால் ஆள் துரும்பாகிப் போவார் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ஆட்டுக்கால் சூப், சத்துமாவுக் கஞ்சி, ஹார்லிக்ஸ் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கீமோ வார்டிலும், "நல்லா சாப்பிடுங்க, வெயிட் குறையக் கூடாது" என்றுதான் சொன்னார்கள். வாந்தி வராமலிருக்கக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் ராத்திரி இரண்டு மணிக்குக்கூடப் பசியைக் கிளப்பியது. கீமோவில் மாதவிலக்கு நின்றுபோனது. அசதியில் மிஷின் முன் உட்காரக்கூட முடியாத நாட்கள் இருந்தன. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பல பெண்களுக்கு எடை ஏறத்தான் செய்யும் என்று அன்றைக்கு ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

ஆனால் எடையை மட்டும் ஒரு தடவைகூட விடாமல் பார்த்தீர்கள். உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கீமோ மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டும். அதற்காக எழுதினீர்கள், சரி. அந்த எண் ஏறிக்கொண்டே போனது நோட்டில் வரிசையாக இருக்கிறதே, மருந்துக்கு உதவிய எண் மனுஷிக்கு ஏன் உதவவில்லை? நான் கேட்பது இதுதான்: எடை பார்க்கும் இடத்திலேயே, முதல் ஊசி போடும் நாளிலிருந்தே, சாப்பாட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பேச ஒரு ஆளைப் போடுங்கள்.

பேசாமல் விட்டதால் என்ன ஆகிறது பாருங்கள். என்னோடு கீமோ போட்டுக்கொண்ட வியாசர்பாடி அக்கா ஒருவர், மாத்திரையால்தான் உடம்பு ஊதுகிறது என்று, நோய் திரும்ப வராமலிருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபெனை நிறுத்திவிட்டார். அந்த மாத்திரையையும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் எடை இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஏறியிருக்கிறது. ஹார்மோன் சார்ந்த கட்டிக்கு அதை 5 ஆண்டு ஒழுங்காகப் போட்டால், இந்த நோயால் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதை அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. திட்டு மட்டும்தான் கிடைத்தது. இப்போது ரெவ்யூவுக்கே வருவதில்லை.

"வாயைக் கட்டு" என்பது வைத்தியமும் இல்லை. இந்தச் சிகிச்சையில் கொழுப்பு ஏறும், அதே நேரத்தில் தசை கரையும். பட்டினி கிடந்தால் மிச்சம் இருக்கும் தசையும் போய்விடும். ரேஷன் அரிசியை எவ்வளவு வைப்பது, கூட முட்டையா, பயறா, காசிமேட்டில் விலை குறைவாகக் கிடைக்கும் மீனா, சர்க்கரை போட்ட கஞ்சியை நிறுத்தலாமா என்று எங்கள் அடுப்படிக்குத் தகுந்த மாதிரி ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்வோம். எல்லோருக்கும் ஏறுவதும் இல்லை. வாய்ப்புண்ணால் கஞ்சிகூட இறங்காமல் இளைத்துப்போன பெண்களையும் அதே வார்டில் பார்த்தேன். அவர்களுக்கும் எனக்கும் ஒரே வாக்கியம் எப்படிப் பொருந்தும்?

நடக்கச் சொல்கிறீர்கள். சிகிச்சை நடக்கும்போதே நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் செய்ய வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2022-ல் பரிந்துரைத்தது எனக்கும் தெரியும். எங்கே நடக்க? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலா? ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைத்தான் எங்கள் பெண்கள் தினமும் செய்கிறார்கள், அதுவும் வெயிட் தூக்கக் கூடாது என்று நீங்கள் சொன்ன அதே கையால். அக்டோபர் வந்தால் ஊரெல்லாம் பிங்க் ரிப்பன். சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்கிறார்கள், நல்லது. கண்டுபிடித்து, குணமாக்கி, வீட்டுக்கு அனுப்பிய பெண் அப்புறம் எப்படி வாழ்கிறாள் என்று நவம்பரில் ஒருவரும் கேட்பதில்லை. வட சென்னை என்றால் எல்லாவற்றிலும் கடைசி என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. உடம்பு விஷயத்திலுமா?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப் பளுவை நேரில் பார்த்தவள் நான். டாக்டரே உட்கார்ந்து எல்லாம் பேச வேண்டும் என்று கேட்கவில்லை. உணவு ஆலோசகர் ஒருவர், பிசியோதெரபிஸ்ட் ஒருவர், கீமோ வார்டில் எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் இருந்தால் போதும். ஒவ்வொரு ரெவ்யூவிலும் எடையோடு சேர்த்து இரண்டு கையின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் கேள்வித்தாள்கள் தமிழிலேயே இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்கான தாளில் கை வீங்கியிருக்கிறதா என்று ஒரு கேள்வியே இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் நாங்களே நிரப்பித் தருகிறோம். 2021-லிருந்து அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆபரேஷன் முடிந்த பெண்களின் பட்டியலை அவர்களுக்கும் அனுப்பிவைக்கலாம்.

அடுத்த ரெவ்யூவில் என் இரண்டு கையையும் அளந்து நோட்டில் எழுதும்படியும், கீமோ வார்டுக்கு அந்த இரண்டு பேரை எப்போது போடப்போகிறீர்கள் என்பதை டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒட்டும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி,
தண்டையார்பேட்டை