கடைசியில் ஒரு பக்கம் கேட்டு

பிராக் நகரத்து யூதர்களைப் பற்றிய வரலாற்று நாவல்களைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். கோலெம் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யூதர்களைக் காக்கக் கோலெம் என்ற களிமண் மனிதனைச் செய்து உயிர் கொடுத்த ரபியை, அதாவது யூத மதகுருவை, அட்டையில் போட்டு விற்பவர்களே நீங்கள்தான்.

சென்ற வாரம் என் மகள் பள்ளியில் எழுதிய கட்டுரையைக் காட்டினாள். ‘1580இல் ரபி லோவ் கோலெமை உருவாக்கினார்’ என்று இருந்தது. ஆசிரியர் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். எங்கே படித்தாய் என்றேன். உங்களில் ஒருவர் வெளியிட்ட நாவலை எடுத்து வந்து நீட்டினாள். அதில் ஆண்டு இருக்கிறது, வல்தாவா ஆற்றங்கரை இருக்கிறது. இது கதை என்று சொல்லும் ஒரு வரி இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லையம்மா என்றதற்கு, “அச்சில் இருக்கிறதே அப்பா” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ரபி லோவ் உண்மையில் வாழ்ந்தவர், 1609இல் மறைந்தார். பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 1592இல் அவரை அழைத்துப் பேசியதை, பிராகிலேயே வாழ்ந்த டேவிட் கான்ஸ் அதே ஆண்டு வெளிவந்த தம் வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார். கோலெமைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. ஊரெல்லாம் நடமாடிய களிமண் மனிதன் அவர் கண்ணில் மட்டும் படவில்லை போலும்! லோவின் பெயரோடு அந்தக் கதை அச்சேறியது அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. 1580 என்ற கணக்கைப் பரப்பியவர் போலந்து ரபி யூடல் ரோசன்பர்க், 1909இல். பழைய கையெழுத்துப்படி கிடைத்தது என்று சொல்லித்தான் அவரும் வெளியிட்டார். உங்களுக்கு நல்ல முன்னோடி.

ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். எது நடந்தது, எது புனைந்தது என்று நாவலின் கடைசியில் ஒரு பக்கம்.

அந்த ஊரில் நடந்தவை சாதாரணமானவையா? இடம் போதாமல் பிணத்தின்மேல் மண் போட்டு அதன்மேல் இன்னொரு பிணம் புதைத்த யூதக் கல்லறைத் தோட்டத்தில், இன்றும் ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. 1389 ஈஸ்டரில் வெட்டிக் கொல்லப்பட்ட யூதர்களையும், 1744இல் அரசி மரியா தெரேசா வெளியேற்ற உத்தரவிட்டவர்களையும் எந்தக் கோலெமும் காக்க வரவில்லை. அவர்களுக்கு உங்கள் அட்டையில் இடமில்லை. சிவப்புக் கண் பூதத்துக்குத்தான் இடம். விற்க வேண்டுமே!

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அந்த நாவலை நானும் இரண்டு இரவு விழித்திருந்துதான் படித்தேன். அடுத்த அச்சிலாவது அந்த ஒரு பக்கத்தைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாள் செலவு கூடும் என்று தயங்க வேண்டாம். பின்னால் ஆறு பக்கம் உங்கள் மற்ற நூல்களின் விளம்பரம் இருக்கிறது. அதில் ஒன்றை விட்டுக்கொடுங்கள்.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்கிய ஒரு வாசகன்