தள்ளுபடி வேறு, கட்டித் தீர்ப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நீதிபதி ஃபிராங்க் காப்ரியோ பற்றிய கட்டுரை கண்டேன். மனம் கசிந்து எழுதியிருக்கிறீர்கள், அந்த மனிதருக்கு அது தகும். ஆனால் இரண்டு இடங்களில் திருத்தம் வேண்டும்.

முதலாவது, ரொட்டி திருடியவருக்காகக் கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் அபராதம் போட்ட கதை. வாட்ஸ்அப்பில் காப்ரியோ படத்தோடு சுற்றுகிறது, உங்கள் கட்டுரையிலும் ஏறிவிட்டது. அது நியூயார்க் மேயராக இருந்த லா கார்டியா 1935இல் செய்ததாகக் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. காப்ரியோ பிறந்ததே 1936 நவம்பரில்தான்.

இரண்டாவது, "குற்றவாளிகளை மன்னித்து அனுப்பியவர்" என்ற வரி. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகர நீதிமன்றத்தில் அவர் 1985 முதல் 2023 ஜனவரி வரை அமர்ந்தார். அவர் விசாரணைகளைப் படம்பிடித்துக் காட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலும் பார்க்கிங் டிக்கெட், சிவப்பு விளக்கு கேமரா, பள்ளிப் பகுதி வேகக் கேமரா வழக்குகள்தான். பெயரைக் கூப்பிடுவார்கள், எந்தத் தெரு, எத்தனை மணி என்று இன்ஸ்பெக்டர் வாசிப்பார், கேமரா வழக்கானால் வீடியோவைத் திரையில் ஓட்டுவார்கள். காப்ரியோ அதை உன்னிப்பாகப் பார்ப்பார். சிவப்பு விழுந்து எத்தனை நொடியில் வண்டி கோட்டைத் தாண்டியது? வலது பக்கம் திரும்பியவரானால் முழுதாக நிறுத்தினாரா? அங்கே பலகை தடுக்காத இடத்தில், சிவப்பிலும் வண்டியை முழுக்க நிறுத்திவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். சக்கரம் நிற்காமல் மெல்ல உருட்டிக்கொண்டே திரும்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு 85 டாலர். பள்ளிப் பகுதியில் மணிக்கு 20 மைல்தான் அனுமதி; 11 மைல் அல்லது அதற்கு மேல் கூடினால் கேமரா டிக்கெட், 50 டாலர்.

காலை 10 மணிக்குப் பிறகு வண்டி நிறுத்தலாம் என்ற தெருவில், 10 மணியாக இரண்டு நொடி இருக்கும்போது எழுதிய டிக்கெட் ஒன்று அவர் முன் வந்தது. கடிகாரக் கணக்கை ரசித்துச் சொல்லித் தள்ளுபடி செய்தார். 96 வயது முதியவர் ஒருவர் பள்ளிப் பகுதியில் வேகமாகப் போனதற்காக வந்து நின்றார். புற்றுநோயோடு இருக்கும் தன் 63 வயது மகனை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனதாகச் சொன்னார். அதுவும் தள்ளுபடி. இப்படி விசாரித்து, காரணம் கண்டு விடுவிப்பது நீதிபதிக்குள்ள அதிகாரம். அபராதம் போட்டதும், குறைத்ததும், கட்ட அவகாசம் கொடுத்ததும் அதே நிகழ்ச்சியில் நிறைய உண்டு. நம் கைபேசிக்கு வந்து சேர்வது கண்ணீர் வரவைக்கும் துண்டுகள் மட்டும்.

உங்கள் கட்டுரை அடியோடு விட்டது ஃபிலோமினா நிதியை. ஃபிலோமினா அவருடைய அம்மா. நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் ஊர் ஊராக இருந்து கடிதத்தோடு சிறு தொகைகளை அனுப்பினார்கள். கடிதத்தைக் கோர்ட்டில் வாசித்துக் காட்டி, கட்ட வழியில்லாதவரின் அபராதத்தை அந்தப் பணத்திலிருந்து கட்டவைப்பார். தள்ளுபடி வேறு, இது வேறு: டிக்கெட் செல்லும், நகராட்சிக்கும் பணம் போய்ச் சேரும், ஏழையின் தலையிலும் விழாது. சட்டத்தை வளைத்தார் என்று பேசுகிறவர்கள் இந்த ஏற்பாட்டை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பா அந்தோனியோ, இத்தாலியின் டீயானோவிலிருந்து வந்து பழமும் பாலும் விற்றவர். மகன் நீதிபதியாக அமர்ந்த முதல் நாள் கோர்ட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கிங் டிக்கெட்டுகள் சேர்ந்துபோன ஒரு பெண் வெடுக்கென்று பேச, காப்ரியோ சலுகையே காட்டாமல் முழுத் தொகையையும் விதித்தார். அப்பா மெச்சுவார் என்று பார்த்தால், அவள் பயந்திருந்தாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ பேசியிருக்க வேண்டும் என்று கண்டித்தார். அதற்குப் பிறகுதான் "வேலை இருக்கிறதா, வீட்டில் யார் யார்" என்ற கேள்விகள். குழந்தைகளை மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, அப்பா அம்மாவுக்கு என்ன தீர்ப்புச் சொல்லலாம் என்று கேட்பதும் அவர் வழக்கம். அப்பா தப்புப் பண்ணினார் என்று பளிச்சென்று சொன்ன பிள்ளைகளும் உண்டு!

பகலில் ஹோப் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரவில் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாஸ்டன் சஃபோக் சட்டக் கல்லூரியில் படித்தவர். 1962 முதல் 1968 வரை நகர கவுன்சிலர். 1970இல் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) தேர்தலில் தோற்றார். கோர்ட்டைப் படம்பிடித்தது தம்பி ஜோசப். முதலில் உள்ளூர் கேபிளில் வந்தது, 2018 முதல் இரண்டு ஆண்டு நாடு முழுவதும் ஒளிபரப்பானது. ஆனால் நம்மூர் வரை கொண்டுவந்தது இணையத் துண்டுகள்தான். 2025 ஆகஸ்ட் 20 அன்று, கணையப் புற்றுநோயால், 88 வயதில் காலமானார்.

ரொட்டிக் கதையை நீக்கி, ஃபிலோமினா நிதி பற்றி இரண்டு வரியாவது சேர்த்து, அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை