மாசுபட்ட மண்ணைச் சீராக்கக் கடன் கொடுங்கள்: தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதித் துறை, தொழில் துறை, சுற்றுச்சூழல் துறை அமைச்சர்கள் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஆலை வளாகத்தில் ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு குவிக்கப்பட்டதும், மழைதோறும் அது கரைந்து நிலத்தடி நீரில் கலந்ததும் உங்கள் கோப்புகளில் ஏறி முப்பது ஆண்டுகளாகின்றன. நான் எழுத வந்தது எவர் கண்ணிலும் படாத சிறு மனைகளைப் பற்றி. குரோமியத்தைக் கொண்டு முலாம் பூசும் பட்டறைகளும் தோல் பதனிடும் கொட்டகைகளும் இயங்கி ஓய்ந்து, பூட்டுத் துருப்பிடித்துக் கிடக்கும் அந்த மனைகளுள் ஒன்று எங்களுடையது.

பட்டறை மூடியபின், மண்ணின் நிலை தெரியாமல் என் தந்தை வாங்கிய இடம் அது. அங்குள்ள கிணற்றில், மழை முடிந்த வாரங்களில் நீர் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். சேற்று நீரென்றால் ஓர் இரவு வாளியில் வைத்தால் தெளிந்துவிடும், இது தெளிவதில்லை. குரோமியத்தின் நச்சு வடிவமான குரோமியம்-6 நீரில் கரைந்தே நிற்பது. காய்ச்சினால் நீர் வற்றுமே தவிர நஞ்சு போகாது, செறிவுதான் கூடும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் கிணற்று நீரில் அதைப்போலப் பல மடங்கு இருப்பதாக ஆய்வறிக்கை சொன்னது. அன்றே கிணற்றின் மீது இரும்புத் தகட்டைப் போட்டு மூடினோம்.

அந்த மண்ணைச் சீராக்கி, கிடங்கு ஒன்று கட்டலாம் என்று நானும் பக்கத்து மனைக்காரர்கள் இருவரும் முடிவு செய்து வங்கியில் கடன் கேட்டோம். பட்டா, வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து எதிலும் குறையில்லை. மதிப்பீட்டாளர் மட்டும் "மண் மாசடைந்துள்ளது, பிணையாக ஏற்க இயலாது" என்று ஒரே வரி எழுதினார். விண்ணப்பம் கடந்த மாதம் திரும்பி வந்தது. மண் கெட்டிருப்பதால் கடன் இல்லை. கடன் இல்லாததால் மண் சீராவதில்லை. வங்கியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்கள் போட்ட பணத்தை அவர்கள் காக்கத்தான் வேண்டும். ஆனால் வங்கி ஏற்க முடியாத இடரை ஏற்பதற்குத்தானே அரசு இருக்கிறது?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: மாசுபட்ட தொழில் நிலங்களைச் சீராக்கி மீண்டும் பயன்படுத்த, பொதுப் பணத்தில் ஒரு சுழல் கடன் நிதியை ஏற்படுத்துங்கள். குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, சீரான நிலம் வருவாய் தரத் தொடங்கியபின் தவணையாகத் திரும்பப் பெற்று, அதே பணத்தை அடுத்த மனைக்குக் கொடுப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990-களிலிருந்தே இத்தகைய நிதிகளுக்குப் பணம் அளித்து வருகிறது. 2002-இல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. மண்ணை ஆய்வு செய்ய அங்கே தனி மானியம் உண்டு. மண்ணைக் கெடுத்தவருக்கு அந்த நிதியிலிருந்து கடன் கிடையாது. இவ்விரண்டையும் இங்கும் வைக்க வேண்டும். நிலத்துக்குள் எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் நஞ்சு பரவியிருக்கிறது என்று துளையிட்டுப் பார்ப்பதற்கே சிறு உரிமையாளரின் சேமிப்பு கரைந்துவிடும். அதன்பிறகுதான் ஃபெரஸ் சல்ஃபேட் என்னும் இரும்பு உப்பைக் கலந்து குரோமியம்-6-ஐ அவ்வளவாகக் கரையாத குரோமியம்-3 ஆக மாற்றுவதும், நீரை இறைத்துச் சுத்திகரிப்பதும். இவை தெரிந்த தொழில்நுட்பங்களே. எங்களிடம் இல்லாதது முதல் பணம்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இந்த மாவட்டத்துத் தோல் ஆலைகளை முன்வைத்து நடந்த வழக்கில்தான். அந்தக் கோட்பாட்டை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் மாசுபடுத்தியவர் இறந்துவிட்டால், நிறுவனம் கலைந்துவிட்டால், வழக்கு இருபது ஆண்டு நீண்டால், அதுவரை நிலத்தடி நீர் ஓரிடத்தில் நிற்காது. ஒன்றிய அரசு 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களின் மேலாண்மைக்கான விதிகளை வெளியிட்டபோது, நாடு முழுவதும் கண்டறியப்பட்டிருந்த 103 இடங்களில் சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தவை ஏழு மட்டுமே. பொறுப்பானவர் கிடைக்காவிட்டால் அரசுகளே செலவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. சீரமைப்பை எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைக்கவில்லை. பணமும் கெடுவும் இல்லாத விதியை வைத்துக்கொண்டு நாங்கள் எந்த அலுவலகத்தின் படியேறுவது?

பணமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என 2010-இல் தொடங்கிய மேல்வரி 2016-இல் 400 ரூபாயாக உயர்ந்தது. அப்போது அதன் பெயரே தூய்மைச் சுற்றுச்சூழல் மேல்வரி. அடுத்த ஆண்டே அது ஜிஎஸ்டி இழப்பீட்டு மேல்வரியாக மாறிப்போனது. சுற்றுச்சூழலின் பெயரால் மக்களிடம் வாங்கிய பணம் மாசுபட்ட மண்ணுக்கு வந்து சேரவில்லை என்பதை நினைக்கும்போது கோபம் வருகிறது. அது ஒன்றிய அரசின் முடிவு, உங்களுடையதன்று. உங்களிடம் கேட்க வேண்டியதற்கே வருகிறேன்.

புதிய தொழிற்பேட்டைகளுக்கு நிலம் வேண்டும் என்கிறீர்கள். 2023-இல் செய்யாறு அருகே மேல்மாவில் விளைநிலத்தைக் கொடுக்க மறுத்து விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். சாலையும் மின்சாரமும் ஏற்கெனவே உள்ள பழைய தொழில் மனைகள் பாழாய்க் கிடக்க, நெல் விளையும் மண்ணை எடுப்பது எந்த வகையில் நியாயம்? எங்கள் மூவரின் மனைகளைச் சீராக்கினால் புதிதாக ஒரு சென்ட் நிலமும் எடுக்காமல் ஒரு கிடங்கு எழும். இத்தகைய மனைகள் தமிழ்நாட்டில் எத்தனை என்று கணக்கெடுங்கள்; கணக்கெடுத்து, பட்டியலை மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

வரும் நிதிநிலை அறிக்கையில் இந்தச் சுழல் கடன் நிதியை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மாவட்டத்தில் மட்டும் தொடங்கினாலும் சரி. நாங்கள் இலவசம் கேட்கவில்லை. கடனாகக் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறோம். அடுத்த மழைக்கு முன்பாவது எங்கள் மனைகளின் மண்ணை ஆய்வு செய்ய ஆட்களை அனுப்பி வையுங்கள். கிணற்றின் தகட்டை நானே திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ராணிப்பேட்டை மனை உரிமையாளர் ஒருவர்