சும்மா கொடுக்கிற தண்ணீர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், பெயர் வைத்ததும் எழுது. இங்கே தென்னாப்பிரிக்காவில் நாங்கள் நலம். புரட்டாசி விரதம் முடிந்துவிட்டது, டர்பன் பக்கத்து எங்கள் டோங்காட் ஊர் முழுக்க மறுபடி மீன் குழம்பு வாசம்தான்.

“உங்கள் ஊரில் தண்ணீரைச் சும்மா கொடுக்கிறார்களாமே, எப்படி உருப்படும்?” என்று கேட்டிருந்தாய். வேலை செய்த காலமெல்லாம் பேரேடு எழுதியவனிடம் கேட்டுவிட்டாய், பதில் கொஞ்சம் நீளம்தான்.

டர்பனில் இது இரக்கத்தில் ஆரம்பித்த விஷயமே இல்லை. தொண்ணூறுகளில் ஏழைக் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒரு 200 லிட்டர் தொட்டி வைத்துத் தினமும் நிரப்பினார்கள். அதற்கு பில் போட்டு வசூலிக்கிற செலவு, வருகிற காசைவிட அதிகம் என்று நகரத் தண்ணீர்த் துறைக்குத் தலைவராக இருந்த நீல் மெக்லியட் கணக்குப் பார்த்தார். சரி, பேசாமல் இலவசமாகவே விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. முப்பது நாளைக்கு 6,000 லிட்டர். 2001-இல் நாடு முழுக்க இலவசத் தண்ணீர் வந்தபோதும் அதே 6,000 தான். எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர், பழைய ஃப்ளஷ் தொட்டியை இரண்டு தடவை இழுத்தால் பெரும்பகுதி போயிற்று.

இதற்கு நேர்மாறான கதை டர்பனுக்கு வடக்கே எம்பங்கேனி ஊர்ப் பக்கம் நடந்தது. எண்பதுகளின் வறட்சிக் காலத்திலிருந்து சும்மா வந்துகொண்டிருந்த குழாய்களுக்கு 2000-இல் முன்பணம் கட்டுகிற மீட்டர் வந்தது, இணைப்புக்கு 51 ராண்ட். கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்கும் ஓடைக்கும் போனார்கள். ஆகஸ்டில் காலரா தொடங்கி, எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணம் முழுக்கப் பரவி, ஒரு லட்சத்துக்கும் மேல் நோயாளிகள், 200-க்கும் மேல் சாவு. மீட்டர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், கழிப்பறையே இல்லாத கிராமங்கள் அப்போது எத்தனையோ. ஆனால் யோசித்துப் பார், அந்த 51 ராண்ட் தண்ணீர்த் துறை பேரேட்டில் வரவாக ஏறியது. சலைன் பாட்டில், நர்சுகளின் ஓவர்டைம், டேங்கர் லாரி எல்லாம் வேறு யாருடைய பேரேட்டிலோ செலவாக விழுந்தது. மிச்சம் பிடிப்பவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர். இரண்டு பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆளில்லை.

காலராவுக்கு அப்புறம் டர்பன் ஓரங்களில், சாக்கடைக் குழாய் இழுக்கக் கட்டுப்படியாகாத இடங்களில், சிறுநீரைத் தனியாகப் பிரிக்கிற, தண்ணீரே வேண்டாத கழிப்பறைகளை 80,000 வீடுகளுக்கு மேல் கட்டினார்கள். 2014-இல் நகரத் தண்ணீர்த் துறைக்கு ஸ்டாக்ஹோம் தொழில்துறைத் தண்ணீர் விருதுகூடக் கிடைத்தது. ஆனால் ஆரம்பத்தில் குழி நிறைந்தால் வீட்டுக்காரர்தான் அள்ள வேண்டியிருந்தது. பணக்காரனுக்கு ஃப்ளஷ், எங்களுக்கு இதுவா என்று அந்த ஜனங்கள் கேட்டால் என்ன சொல்வாய்? செலவு குறைவு என்ற பதில் அவர்களுக்குப் போதாது, எனக்கும் போதாது.

இலவசத்தால் நஷ்டம் என்று பேசுகிறவர்களிடம் நான் காட்டுவது இன்னொரு எண். 2023-இல் அரசே வெளியிட்ட அறிக்கைப்படி, நாட்டில் சுத்திகரித்து அனுப்புகிற தண்ணீரில் சுமார் 47 சதவீதத்துக்குக் காசு வரவில்லை. இலவசமாகக் கொடுத்தது அதில் ஒரு பங்குதான். பெரிய பங்கு உடைந்த குழாயிலும் திருட்டு இணைப்பிலும் போகிறது. புதுக் குழாய்த் திட்டம் என்றால் ரிப்பன் வெட்ட அமைச்சர் வருவார், பழைய வால்வை மாற்றினால் யார் வருவார்?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து பல மாதம் குழாயில் காற்றுதான் வந்தது. லாரி வந்தால் வாளியோடு ஓட வேண்டும். அதிலிருந்து எங்கள் தெருவில் ஜோஜோ டேங்க் என்கிற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு குறைவு, நானும் ஒன்று வாங்கினேன். எனக்கு உறுத்துவது என்னவென்றால், டேங்க் வந்த வீட்டுக்காரர் யாரும் இப்போது குழாயைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து பேசுவதில்லை, டேங்க் வாங்க முடியாதவர்கள் மட்டும் பேசுகிறார்கள்.

உன் வீட்டில் லாரித் தண்ணீருக்கும் கேனுக்கும் மாதம் எவ்வளவு போகிறது? மெட்ரோ வாட்டர் வரியையும் சேர்த்து எழுது, இங்கே நான் கட்டுகிற பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தைப்பூசத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
டோங்காட்டிலிருந்து உன் பழைய நண்பன்